அன்னம்மாள் திருநாளும் என் வாய்க்கொழுப்பும்

ஜூலை 16, திங்கள்

மழை. மத்தியானம் மூன்று மணிக்கு, வழக்கம்போல. குடை பள்ளிக்கூடத்திலேயே. நனைந்து வீடு.

பினாங்கு வந்து ஒரு வருஷம் நிறைய இன்னும் பதினாறு நாள். இதுவரை கற்றவை:

1. ரம்புத்தான் பழத்தைத் தோலோடு கடிக்கக் கூடாது. (எங்கள் ஊரிலும் உண்டு என்று பீற்றிவிட்டுக் கடித்தேன். மதினி, அண்ணன் பெண்டாட்டி, இன்னும் சிரிக்கிறாள்.)
2. பாசாரில் (சந்தை) சீனத்தி விரல் காட்டினால் பதிலுக்கு விரல் காட்டு. பேரம் தமிழில் பேசாதே.
3. பிள்ளைகளை நம் ஊர் வழக்கில் "ஏட்டி" என்று கூப்பிடாதே. இங்கே அழுகிறார்கள்.
4. குடை.

இனி விஷயம். என் ஒரு வருஷத் தவணை முடிகிறது. இன்ஸ்பெக்டர் துரை வந்து பார்க்கும் அன்று முப்பது பெண் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் வேலை நிரந்தரம். குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள், நான் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். பட்டியலில் 34. பயமில்லை.

தேதி 26, வியாழன். நானே கொடுத்த தேதி. துரை ஆபீஸ் குமாஸ்தா, இங்கே கிராணியார், போன மாதம் விசாரித்தார், அன்றைக்கு இந்தப் பக்கம் விசேஷம் ஏதும் உண்டா, பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்கிறீர்களா என்று. டீச்சர் போய்ப் பிள்ளைகளிடம் கேட்பதா? ஒன்றும் கிடையாது என்று நின்ற இடத்திலேயே சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 18, புதன்

வெயில். தலைக்குள்ளேயும்.

26ஆம் தேதி எண்ணெய் வைத்துத் தலை வாரி, ரிப்பன் கட்டி வரவேண்டும் என்று வகுப்பில் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மூன்றாம் வகுப்பு ஞானம்மா, முன்பல் இரண்டும் விழுந்தவள், எழுந்தாள்.

"அன்னைக்கு வர முடியாது டீச்சர். அன்னம்மா கோயிலுக்குப் போறோம் லா."

யாரெல்லாம் என்றேன். 34 கையும் மேலே. சைவப் பிள்ளைகள் உட்பட.

26 அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் (மாதாவைப் பெற்றவள்) திருநாள் என்று தெரியாமலா இருந்தேன்? ஞானஸ்நானம் வாங்கியவள்தானே நான். தூத்துக்குடியில் அன்றைக்குக் காலைப் பூசை, அதோடு சரி. தேர், கூட்டம் எல்லாம் ஆகஸ்டில் மாதாவுக்கு. இங்கே என்னடா என்றால் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் கோயிலாம், பாதிப் பினாங்கு ஸ்டீமர் ஏறுமாம். போன வருஷம் அந்நேரம் நான் நடுக்கடலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மதினி இங்கேயே பிறந்தவள். ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல் பாய்ந்தேன். மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வந்த நாள்லேர்ந்து எங்கிட்ட எதையாச்சும் கேட்டிருக்கியா நீ?"

கோபம். யார்மேல் என்று தெரியவில்லை. சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

ஜூலை 19, வியாழன்

பள்ளி விட்டதும் வீடு வீடாக. 11 வீடு, 11 காப்பி. ஒரு நாள் பிள்ளையை அனுப்புங்கள் என்று கெஞ்சல். எல்லோரும் மரியாதையாக, "டீச்சரம்மா உக்காருங்க." ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. ஞானம்மாவின் அம்மா: பிள்ளைக்குக் காய்ச்சலில் நேர்ந்துகொண்டது, மெழுகுதிரி ஏற்றியே ஆகவேண்டும். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அண்ணன் யோசனை: பள்ளிக்கூடத்தில் அம்மை போட்டிருக்கிறது, தேதியைத் தள்ளுங்கள் என்று துரைக்கு எழுது. எழுதினேன். கையெழுத்து மணிமணியாக. மதினி என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அம்மை போட்ட பிள்ளைகள் எல்லாம் கோயிலில் ஐஸ் வாங்கித் தின்றுகொண்டு நிற்பார்கள், துரை வீட்டுச் சமையல்காரரும் நம் வேதக்காரர், அவரும் அங்கேதான் நிற்பார், பார்த்துக்கொள் என்றாள்.

கடிதம் அடுப்பில். தூக்கம் வரவில்லை. காப்பியா பயமா தெரியவில்லை.

ஜூலை 20, வெள்ளி

குடையோடு துரை ஆபீஸ். (மழை இல்லை.) அரை மணி பெஞ்சில். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்பதைவிட, ஞானம்மாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லையே என்பதுதான் மனசில் ஓடியது. இந்த ஊரை எனக்குப் பிடித்துவிட்டது. பெஞ்சில் வைத்துத்தான் தெரிந்தது.

உள்ளே போனதும் மனப்பாடம் பண்ணிய இங்கிலீஷ் எல்லாம் போயிற்று. தமிழில் சொன்னேன், கிராணியார் மொழிபெயர்த்தார்.

"தேதி நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசிவிட்டேன்."

துரை கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய சமையல்காரர் அதே 26க்கு ஒரு மாதம் முன்பே லீவு கேட்டாராம். எதற்கென்று துரையும் கேட்கவில்லையாம். அவருக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. திங்கட்கிழமை 30க்கு மாற்றினார், ஆனால் முப்பது பிள்ளை என்றால் முப்பதுதான், ஒன்று குறையக் கூடாது என்றார்.

அண்ணன் பள்ளிவாசல் தெருவில் நாசி கண்டார் (சோறும் கறியும்) பொட்டலம் வாங்கி வந்தான். இரண்டு பேர் சாப்பாட்டை நான் ஒருத்தி.

ஜூலை 26, வியாழன்

ஸ்டீமர், பஸ், நடை. மதினி, அண்ணன், நான். கோயில் வாசலில் ஞானம்மா என் கையைப் பிடித்தாள், விடவே இல்லை. இன்று முழுக்க நான்தான் பாலர் வகுப்பு. இது எதற்கு, அந்த ஊற்றுத் தண்ணீரை ஏன் பாட்டிலில் பிடிக்கிறார்கள், அந்தச் சீனக் குடும்பம் என்ன பாடுகிறது. ஒன்று கேட்டால் ஏழு பேர் பதில் சொல்கிறார்கள், ஏழும் வேறு வேறு. மெழுகுதிரி ஏற்றினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். (30.)

செருப்பில் ஒன்று காணோம்.

ஜூலை 30, திங்கள்

விடியலிலிருந்தே மழை. ஒன்பது மணிக்கு 22. வாசலுக்கும் வகுப்புக்கும் நடந்தேன். துரையின் கார் வந்து நிற்கும்போது 27. அவர் ஜன்னல், கரும்பலகை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கையில் ஞானம்மா, அவள் பின்னால் வாழையிலையைத் தலையில் பிடித்தபடி ஐந்து பேர், சொட்டச் சொட்ட. நாலு ரிப்பன் சாயம் போய்க் கன்னமெல்லாம் சிவப்பு. 33.

திருவிழா எப்படி என்று துரை கேட்டார். முப்பத்து மூன்றும் ஒரே நேரத்தில். மொழிபெயர்த்துக் கிராணியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாசிப்பு நன்று, தையல் சுமார், ஏழாம் வாய்ப்பாடு யாரையும் கேட்கவில்லை. அன்னம்மாள் புண்ணியம்.

போகும்போது நோட்டில் ஏதோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்டு 1, புதன்

வெயில். வந்து இன்றோடு ஒரு வருஷம். மதினி சேமியாப் பாயசம் வைத்தாள். எப்படி வைப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அடுப்பை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

சாயங்காலம் வாசலில் கிராணியார், சைக்கிளோடு, நீளக் கவர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு. கொடுக்காமல் நின்றார். துரை அடுத்த வருஷச் சோதனைக்கு இப்போதே தேதி குறிக்கச் சொன்னார், எந்த நாள் உங்களுக்குத் தோது என்றார்.

"நாளைக்கு வகுப்பில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.