தம்பியின் அறையில் கேட்கும் இருமல்

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. இங்கே நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம். சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் இதோடு விட்டுவிடுகிறேன். உனக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? ஒரே நாற்காலியில் நாள் முழுக்க உட்காராதே.

போன வாரம் போனில், இனிமேல் எனக்காக ஜெபம் பண்ணாதீங்க, தம்பிக்குப் பண்ணினது என்ன ஆச்சு என்று கேட்டு வைத்துவிட்டாய். எனக்கு உன்மேல் கோபம் இல்லை கண்ணு. அவனுக்காக நீ அங்கே உபவாசம் இருந்து மயங்கி விழுந்ததை மாப்பிள்ளை சொன்னார். இங்கே சபையே முழங்காலில் நின்றது. அப்படியும் நுரையீரல் நோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தால் முதலில் அப்பாவிடம் சொல்லியிருப்பேன். அடக்கம் முடிந்ததிலிருந்து அவர் ஆலயப் படி ஏறவில்லை. போதகர் வீட்டுக்கு வந்து, எல்லாம் தேவசித்தம் என்று ஆரம்பித்ததும் அப்பா எழுந்துபோய் போதகரின் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். பாவம் அந்த மனுஷன், காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. மத்தியானம் வீடு அடங்கினதும் தம்பியின் அறையிலிருந்து இருமல் கேட்கிறது. அதே வறட்டு இருமல், முடிவில் மூச்சை இழுக்கிற அதே சத்தம். எனக்குத்தான் பிரமை பிடித்துவிட்டது என்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வந்தபோது, அப்பா வெந்நீர் டம்ளரோடு அந்தக் கதவண்டை நின்றிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கும் கேட்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இதற்கிடையில் மாடி வீட்டு எலெக்ட்ரீஷியனின் மகளுக்கு, நாம் வாயாடி என்று கூப்பிடுவோமே அவளுக்கு, மூளைக் காய்ச்சல். அவள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து, எனக்காக உங்க சாமிகிட்ட கேளுங்க என்றாள். அவர்கள் ஆலயத்துக்குப் போகிறவர்கள்கூட இல்லை. என் பிள்ளைக்குக் கேட்டே கிடைக்கவில்லை, என்னிடம் போய் வந்தாயே என்றேன். அதற்கு அவள், "தெரியும்க்கா. கிடைக்காம போயும் நீங்க போறதை நிறுத்தலையே. அதான் வந்தேன்" என்றாள்.

போனேன். தம்பி கிடந்த அதே வார்டு, அதே பச்சைத் திரை. அந்தக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. வாயாடி பிழைத்து வந்துவிட்டாள். படிக்கட்டில் அவள் குரல் கேட்டதும் ஓடிப்போய் முத்தம் கொடுத்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து தம்பியின் கட்டிலை இரண்டு கையாலும் அடித்தேன். "அவளுக்குக் கேட்ட காது எனக்கு மட்டும் ஏன் கேக்கல? சொல்லும்" என்று கத்தினேன். பதில் வரவில்லை மகளே, நான் பொய் எழுதமாட்டேன். தொண்டை கட்டும்வரை ஆண்டவரைத் திட்டினேன். திட்டி ஓய்ந்தபோதுதான் உறைத்தது, சண்டை போடக்கூட எனக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் இப்படிக் கத்த முடியுமா?

அப்பா வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்று சாப்பிட உட்கார்ந்ததும் நான் கண்ணை மூடினேன். வழக்கம்போல அவர் சாப்பிடத் தொடங்குவார் என்றிருந்தேன். அவர் குரல் கேட்டது. "ஆண்டவரே, உம்மேல எனக்குக் கோபம் தீரல. சாப்பாடு ஆறுது. ஆமென்." அவ்வளவுதான். நானும் ஆமென் என்றேன்.

இருமல் இன்னும் கேட்கிறது. நாங்கள் அந்தக் கதவை இப்போது சாத்துவதில்லை.

உன்னை ஜெபம் பண்ணச் சொல்லி வற்புறுத்தமாட்டேன். திட்டத் தோன்றினால் திட்டு, அவர் தாங்குவார். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அப்பா தானாகப் போன் பண்ணமாட்டார், நீ பண்ணு. உங்கள் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். நீ வேண்டாம் என்றாலும் உன் பெயரை நான் தினமும் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா