மைசூர் தஞ்சாவூர் பயணம் பற்றி அப்பா எழுதுவது

அன்னூர்,
ஐப்பசி 20, வியாழக்கிழமை

அன்பு மகள் செல்விக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை யுவஸ்ரீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். இங்கு நான் நலம். எப்போதும் நாங்கள் நலம் என்றுதான் எழுதுவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன், பதறாமல் படி. போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால் தாளில் எழுதி, கடைவீதிக்குப் போகும்போது போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

மே மாதம் லீவில் வந்ததும் மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு அங்கிருந்து காரிலேயே தஞ்சாவூர் பெரிய கோயில் வரை எங்களைக் கூட்டிப்போவதாகச் சொல்லி, வழியெல்லாம் நீங்களே போட்டு வையுங்கப்பா என்று என்னிடம் ஒப்படைத்தாய் அல்லவா. பத்தொன்பது வருஷம் கோயமுத்தூர் மைசூர் பஸ் ஓட்டியவனிடம் வழி கேட்டால் சும்மா இருப்பேனா, மறுநாளே ஒரு நோட்டு வாங்கி எழுதிவிட்டேன். மைசூரில் விடிந்ததும் புறப்பட்டு சாம்ராஜ்நகர் வழியாக ஆசனூர், அங்கே கரும்பு லாரிக்காக யானை ரோட்டோரம் வந்து நிற்கும், ஹாரன் அடிக்காமல் பொறுமையாக நிற்க வேண்டும், மாப்பிள்ளை கொஞ்சம் அவசரக்காரர், இப்போதே சொல்லி வை. அடுத்தது திம்பம், இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, இறங்கத் தொடங்கும் முன் வண்டியை ஓரங்கட்டினால் கீழே பண்ணாரிக் காடு முழுக்கத் தெரியும். பிறகு சத்தி, பவானி கூடுதுறை, கொடுமுடி, கரூர், குளித்தலை, காவிரிக்கரையோடு திருச்சி, அப்புறம் தஞ்சாவூர். சுமார் நானூறு கிலோமீட்டர்தான், ஒரே நாளில் ஓட்டிவிடலாம், நான் நாலு நாளாக இழுத்திருக்கிறேன், அது உன் அம்மாவுக்காக. என் பஸ் அன்னூரில் நிற்கிற இரண்டு நிமிஷத்தில் சோற்று டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவாளே தவிர, ஒரு நாள்கூட அவள் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. ஏறு பழனியாத்தா என்றால், இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க என்பாள், சத்துணவுக் கூடத்தில் அடுப்புப் பற்றவைக்க நேரமாகியிருக்கும். நானும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த நோட்டால்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. போன மாதம் ஒரு மத்தியானம் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து வழியைச் சொல்லிக்கொண்டே நோட்டில் ஒட்டிவைத்திருந்த அரண்மனைப் படத்தை நீட்டினேன். அவள் நேரே வாசலைப் பார்த்துக்கொண்டு, ஏனுங்க, படம் காட்டறேன்னீங்களே, எங்கீங்க என்று கேட்டாள். டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை செய்யும்போது பக்கவாட்டில் விரலை ஆட்டித் தெரிகிறதா என்று கேட்பார்கள், அதே மாதிரி நானும் ஆட்டினேன். தெரியவில்லை. வலது பக்கம் போய் ஆட்டினேன், மூக்குக்கு நேரே கொண்டுவந்த பிறகுதான், விரலை எதுக்குங்க ஆட்டறீங்க என்றாள். மறுநாள் கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துவிட்டதாம். இடது கண் அநேகமாகப் போய்விட்டது, வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நேரே மட்டும் தெரிகிறது. போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுப் பிடித்து வைக்கப் பார்க்கலாம், மே மாதம் வரைக்கும் நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்பே கண் முகாமில் இதைக் கண்டுபிடித்துச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் கண்ணெரிச்சலுக்கு என்று சொல்லிவிட்டாள். பாட்டில் தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று விட்டுவிட்டாள். அடுத்த முகாமில் டாக்டரம்மா மருந்து விடுகிறீர்களா என்று கேட்டதற்கு உடறனுங்க என்றும், பார்வை எப்படி என்று கேட்டதற்கு இப்பப் பரவாலைங்க என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்றால், அத்தனை தன்மையாக் கேக்கறாங்க, அவங்க குடுத்த மருந்து கேக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது என்கிறாள். எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகைதான் வந்தது. அவளை மட்டும் சொல்லி என்ன, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீ கேட்கும்போது நானும் உனக்கு அதே பரவாலை என்ற பதிலைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவ அங்க நோயாளிக்கு ஊசி போடறப்ப என்னைய நெனச்சுக் கை நடுங்கிப்போடுமுங்க என்றாள். போன வாரம் திங்கட்கிழமை நான் மனசைத் தேற்றிக்கொண்டு, மே வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வாடகைக் கார் பிடித்து நாம் இரண்டு பேரும் போய்விட்டு வரலாம், செல்வி கோபித்தால் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நான் ஓட்டிய பாதையை ஒரு தடவையாவது அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை, உன்னிடம் மறைப்பதற்கு என்ன. அவள் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். மலையையும் கோயிலையும் பாத்து நா என்னங்க பண்ணப்போறேன், இருக்கறதைச் செலவு பண்ணாம வெச்சிருக்கறனுங்க, எம் புள்ளையும் பேத்தியும் வந்தா ஆளுக்கு ஒருக்கா நல்லாப் பாத்துப்போடோணும் என்றாள். பார்க்கப் பார்க்கப் பார்வை தீர்ந்துபோகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் கண்ணு. டிவியை நிறுத்திவிட்டாள். சமையல் முடிந்ததும் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள், தூங்குகிறாளோ என்று பார்த்தால் தூங்கவில்லை. பார்ப்பதால் குறையாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார், ஆகட்டுங்க என்று அவருக்கும் தலையாட்டிவிட்டு வந்து மறுபடியும் மூடிக்கொள்கிறாள்.

அதனால் சத்தியத்தை மீறி எழுதுகிறேன். மைசூரும் தஞ்சாவூரும் எங்கும் போய்விடாது, அவை இருக்கட்டும். கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து அன்னூர் வரைக்கும் வருகிற வழி இப்போதைக்குப் போதும். உன் லீவு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், கேட்கக் கூடாது என்று பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் கேட்கிறேன், மார்கழி பிறப்பதற்குள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. நீ முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று உன்னையே நொந்துகொள்ளாதே, ஒரே வீட்டில் இருக்கிற எனக்கே தெரியவில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், உன் கை பட்டவர்கள் எல்லோரும் எழுந்து நடக்க வேண்டும். பதிலை எழுத்தாகவே அனுப்பு, பேசி அனுப்பினால் அம்மா கேட்டுவிடுவாள். டிக்கெட் போடும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே அம்மணி, நல்ல வெளிச்சத்தில் வந்து இறங்குகிற விமானமாகப் பார். பொழுது சாய்ந்து வந்தால் உன் குரலை வைத்துத்தான் அவள் உன்னைத் தெரிந்துகொள்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஐயாசாமி