மூடாத பீப்பாய்

மார்ச் 4

டாக்டர் தம்பிக்கு,

புயல் பள்ளிக்கூடக் கூரையைப் பிய்த்துக் கடலில் போட்டதும், தீவில் முதன்முதலாகக் கரண்டு விளக்கு எரிந்ததும் ஒரே வருஷம். அந்த வருஷந்தான் நீ ஊசிப்பெட்டியோடு வந்து எங்கள் முன்னறையில் தங்கினாய். இத்தனை காலம் கழித்தாவது நினைப்பு வந்ததே, சந்தோஷம். சொல்வது நான், எழுதுவது தபாலாபீஸ் அம்மா. சில வார்த்தைகளை எழுதமாட்டேன் என்கிறாள். அந்த இடங்களை நீயே நிரப்பிக்கொள்.

அந்த வருஷம் இங்கே பரவின காய்ச்சல் கண்டு பிழைத்தவர்களின் ரத்தம் வேண்டும் என்கிறாய். உன் அண்ணியைப் பற்றி ஒரு வரி இல்லை.

மேலத் தெருத் தண்ணீர்ப் பீப்பாய்களை மூடச் சொன்னாய். எங்கள் தெருவை அப்படியே விட்டாய். "தம்பி, தண்ணியில புழு நெளியுது, கவுத்துடட்டுமா?" என்று கேட்டாள். "தொடாதீங்க அண்ணி. ரெண்டு தெருவையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் காய்ச்சல் கொசுவாலதான்னு சொல்ல முடியும்" என்றாய். பேச்சைத் தட்டாதவள். தொடவில்லை.

முதலில் படுத்தது நீ. டம்ளர் பிடிக்கக்கூடக் கை மடங்கவில்லை. அவள்தான் வெந்நீர் புகட்டினாள். அடுத்து அவள் படுத்தாள். கரை ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது ஒரே படகு. உன்னை ஏற்றிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்தபோது அவளுக்குப் படகு வேண்டியிருக்கவில்லை.

இதற்குப் பதில் எழுது. ரத்தத்தைப் பிறகு பேசலாம்.

அண்ணன் (பெருவிரல் ரேகை)

மார்ச் 19

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

கடிதம் கண்டு மனம் கனத்தது. அண்ணி புகட்டிய வெந்நீரை மறக்கவில்லை. அன்றைய ஆய்வு முறை அப்படி. படகு யாருக்கு என்று முடிவு செய்யும் நிலையில் நான் இல்லை. எனக்கு வந்ததும் அந்தக் காய்ச்சல் அல்ல, வெறும் அலைச்சல். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போது பக்கத்துத் தீவுகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவுகிறது. பழைய வைரஸா, புதியதா என்று தெரியவில்லை. அன்று காய்ச்சல் கண்டவரின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புச் சக்தி இன்னும் இருக்கும். அப்படி ஒரே ஒருவர் கிடைத்தால் போதும், ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். என்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள்மேல் காட்டாதீர்கள்.

தங்கள் தம்பி,
டாக்டர்

ஏப்ரல் 2

தம்பிக்கு,

பிள்ளைகளை முன்னால் நிறுத்திவிட்டாய். அதனால் வீடு வீடாக யோசித்துச் சொல்கிறேன். பீப்பாய் மூடின மேலத் தெருவில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை; எங்கள் தெருதான் கணக்கு.

ரொட்டிக்காரர் பிழைத்தார், வீங்கின முட்டியோடே நடந்து, போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். தையல்காரியும் அவள் நாத்தனாரும் இல்லை. 'உளறுவாயன்' என்று நீ கேலி செய்த மீன்காரன் சாகிற வரைக்கும் உன்னைத்தான் திட்டி உளறிக்கொண்டிருந்தான். நானும் உனக்குப் பயன்படமாட்டேன். மறு வருஷம் உன் ஆட்கள் எடுத்துப்போன என் ரத்தத்தில் காய்ச்சல் கண்ட தடயம் ஒன்றுமே இல்லையாம். "உங்களை ஒரு கொசுவும் மதிக்கலையே அண்ணா" என்று நீதானே எழுதியிருந்தாய்?

ஆனால் ஒருவர் இருக்கிறார். எங்கள் கட்டிலில் படுத்து, எங்கள் பீப்பாய்க் கொசுவிடம் கடிபட்டு, கை மடங்காமல் கிடந்து, அவள் ஏற வேண்டிய படகில் ஏறிப் பிழைத்தவர். அவர் ரத்தத்தைச் சோதித்தால் பிள்ளைகளுக்கும் வழி பிறக்கும், உனக்கு வந்தது அலைச்சலா என்பதும் வெட்டவெளிச்சமாகிவிடும். மறைக்கலாம் என்று பார்க்காதே. இந்தக் கடிதத்தின் நகல் உன் மேலதிகாரிக்கும் போகிறது. தபாலாபீஸ் அம்மா இந்தத் தடவை ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை; அவளுக்கும் ஆத்திரம் வந்துவிட்டது.

எங்கள் தெருவில் அந்தக் காய்ச்சலோடு கிடந்தவர்களில் இன்னும் உயிரோடிருக்கிற கடைசி ஆள் நீதான், டாக்டர் தம்பி.