வெட்டி எறியும் அரை நிமிஷம்

மெமரி கார்டை எடுக்க இன்று காலை ஜிம்பல் பையைத் திறந்தேன். குப்பென்று கருவாட்டு வாசம். எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பார்த்தாயிற்று, சோப்புத்தூளும் போட்டாயிற்று, போகிற வழியாக இல்லை. உன்னைத்தான் திட்டினேன், சிரித்துக்கொண்டே.

தி.நகர் கடை நினைவிருக்கிறதா? கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் படம் ஆடாது என்று ஜிம்பலைக் காட்டி ஆசை மூட்டிய கடைக்காரர், நம் பழைய கேமராவைப் பார்த்ததும் முகம் மாறினார். "மேடம், இது கம்பெனி லிஸ்ட்லயே இல்ல. சப்போர்ட் பண்ணாது." நான் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நீ அசையவில்லை. "கம்பெனி சப்போர்ட் பண்ணாங்காட்டி இன்னா? நாம பண்ணிக்கிறோம், குடுங்க."

வீட்டில் மாட்டினால் கேமரா முன்னால் கவிழ்ந்தது, மோட்டார் உறுமியது. மறுநாள் பெசன்ட் நகர் மீனவர் குப்பத்தில், வலையில் கட்டும் பழைய ஈயக்குண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து பின்பக்கம் எடைக்கு வைத்து டேப் சுற்றினாய். ஆட்டம் நின்றது, வாசம் தங்கிவிட்டது. ஆழ்வார்பேட்டை மண்டபத்தில் ஒரு அம்மா மூக்கைச் சுளித்து, "மட்டன் பிரியாணின்னாங்க, மீன் வாடை வருதே?" என்றபோது நாம் தூணுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தோம்.

பெண்கள் பக்கம் ஆண்களை விடாத நிக்காஹ்களுக்குப் படமெடுக்க நம்மைக் கூப்பிடுவார்கள். உனக்கு ஜிம்பல், எனக்கு விளக்கு. ஜிம்பலின் பொத்தானுக்கு நம் கேமரா பணியாது. அதனால் முதலில் கேமராவில் ரெக்கார்டை அமுக்கி, பிறகு மோட்டாரைப் போட்டு, அது நிமிரும்வரை காத்திருப்பாய். அந்த அரை நிமிஷமும் பதிவாகும்: சாய்ந்த தரை, உன் செருப்பு, மணப்பெண்ணிடம் நீ சொல்லும் "பிஸ்மில்லா... நட கண்ணு." எடிட்டிங்கில் நான் முதலில் வெட்டி எறிவது அதைத்தான்.

போன ஞாயிறு உன் மகளுக்கு நிக்காஹ். நீ மறைந்த பிறகும், "அம்மியோட கேமராலதான் எடுக்கணும் ஆன்ட்டி" என்று ஒரே பிடிவாதம். நான் ஜிம்பலைக் கையில் தொட்டதுகூட இல்லை. அவள் மேடைக்கு நடப்பதோ ஒரே ஒரு முறை. நன்றாக வரவில்லை, திரும்ப நட என்று மணப்பெண்ணிடம் சொல்ல முடியுமா? மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ரெக்கார்டை அமுக்கினேன், மோட்டாரைப் போட்டேன். வாய் தானாகச் சொன்னது: "பிஸ்மில்லா... நட கண்ணு."

முகத்தை மறைத்துத் தொங்கிய பூச்சரங்களை விலக்கிக்கொண்டு அவள் சடாரெனத் திரும்பினாள். "ஆன்ட்டி! அம்மியே சொன்ன மாதிரி இருந்துச்சு!"

பிறகு நடந்தாள். நடை நன்றாகவே வந்திருக்கிறது. நடுவில் கொஞ்சம் ஆட்டம். நீ பார்த்தால் கிண்டல் செய்திருப்பாய். நீ இல்லாதது அந்த மண்டபத்தில் எனக்கு வலித்தது, ஆனால் உன் வேலையை உன் மாதிரியே செய்துவிட்டேன் என்ற நிறைவும் இருந்தது.

இப்போது எடிட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். பழக்கத்தில் கை முதல் அரை நிமிஷத்துக்குப் போயிற்று. கோணலாகச் சாய்ந்த திரையில், கண் நிறைய நீரும் வாய் நிறையச் சிரிப்புமாக உன் மகள் திரும்பிப் பார்க்கிறாள். பொத்தானுக்குப் பணிகிற கேமராவாக இருந்தால் இது பதிவாகியே இருக்காது.

வெட்டவில்லை. படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.