திங்கட்கிழமை எடுக்காத வண்டி

மரியே வாழ்க

திண்டிவனம்
15.7.2024

அன்புள்ள மாமாவுக்கு அமலா எழுதுவது.

நானும் பிரியாவும் நலம். நம் வேன் வண்டிதான் நலமில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் தாளில் எழுதிப் பிரியாவிடம் கொடுத்திருக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்புவாள். நீங்களும் இப்படியே எழுதுங்கள். குறுக்கே பேசாமல் ஒருவர் சொல்வதை ஒருவர் முழுசாகக் கேட்கலாம்.

இன்று காலையும் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன திங்களும் இதே கதை. செவ்வாயிலிருந்து வெள்ளிவரை ஒரே திருகில் எடுக்கிற வண்டி திங்கட்கிழமை மட்டும் ஏன் படுத்துக்கொள்கிறது? நம் வீட்டு வாசலில் ஏற வந்த டீச்சர்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். ராஜாமணி டீச்சர், “டிரெயினிங்ல இத மட்டும் சொல்லிக் குடுக்காம வுட்டுட்டாங்க அமலா” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஒலக்கூர்ப் பள்ளியின் தலைமை சிஸ்டர் சிரிக்கவில்லை. “அமல்ராணி” என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இப்படியே தாமதமானால் டீச்சர்களுக்கு வேறு வண்டி பேசிவிடுவதாகச் சொல்லிவிட்டார். நீங்கள் போன பிறகு நானாகக் கற்றுக்கொண்ட தொழில் இது ஒன்றுதான். இதுவும் போனால் நான் என்ன செய்வேன்?

பைபாஸ் மெக்கானிக் சீனுவாசன் பேட்டரி பழசு என்கிறார். புதுசு போடட்டுமா? டிசம்பரில் வருகிறேன் என்றீர்களே, டிக்கெட் போட்டாச்சா? பிரியா கேட்கச் சொன்னாள். நானும்தான்.

உங்கள் அமலா

*

மஸ்கட்
19.7.2024

அன்புள்ள அமலாவுக்கு,

புது பேட்டரியே போட்டுவிடு. போடும்முன் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி கிரீஸ் தடவச் சொல். பழைய வண்டி என்று யாரும் ஏளனமாகப் பேசினால் காதில் வாங்காதே. இன்ஜின் இரும்பு மாதிரி. கோட்டக்குப்பத்தில் அதை வாங்கி ஓட்டிவந்த நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

டேஷ்போர்டில் மாதா விளக்கு எரிகிறதா? மறக்காமல் எழுது.

டிசம்பர் இன்னும் உறுதியாகவில்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது, ஏ.சி. பழுதுக்கு ஆள் போதவில்லை. பிரியாவை நன்றாகப் படிக்கச் சொல்.

அன்புடன்
பிரகாஷ்

*

திண்டிவனம்
12.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

புது பேட்டரி மூன்று திங்கட்கிழமை மரியாதையாக இருந்தது. இன்று மறுபடியும் ‘டிக்’.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போன திங்கள் திணறி எடுத்தபோதே விழுப்புரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் ஒரு எலக்ட்ரீஷியனிடம் டைனமோவைக் காட்டினேன். சார்ஜ் நன்றாக ஏறுகிறதாம். சீனுவாசன் ஃபியூஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். “கரண்ட்டு எங்கியோ போய்க்கினே கீதுங்க. எங்கன்னுதான் தெரியல. பேஜாரா கீது” என்று தலையைச் சொறிகிறார். வெள்ளி மாலை கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினால் திங்கள் காலைவரை யாரும் தொடுவதில்லை. முன்பு சனி, ஞாயிறிலும் சவாரி இருக்கும், இந்த ஜூனோடு அதுவும் நின்றது. கோயிலுக்கு நாங்கள் நடந்துதான் போகிறோம். ஓட்டினால் ஓடுகிறது, ஓய்வு கொடுத்தால் சாகிறது. மனுஷருக்கு நேர்மாறாக இருக்கிறது.

மாதா விளக்கு எரிகிறது, கவலை வேண்டாம். சீனுவாசன்கூட அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பானட்டைத் திறக்கிறார்.

டிசம்பர் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அமலா

*

மஸ்கட்
16.8.2024

அமலாவுக்கு,

யோசித்து யோசித்துப் பார்த்தேன். சும்மா நிற்கிற வண்டியில் பேட்டரி இறங்க வழியே இல்லை. யாராவது எடுத்துப்போய் எங்காவது நிறுத்தி விளக்கும் பாட்டும் போட்டால்தான் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை அதை யார் எடுக்கிறார்கள்? நீ யாருக்காவது கொடுக்கிறாயா? இல்லை, நீயே எங்காவது போய் வருகிறாயா? தப்பாகக் கேட்கவில்லை. வெள்ளி மாலை கிலோமீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பு, திங்கள் காலையும் அனுப்பு.

மாதா விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்.

பிரகாஷ்

*

மரியே வாழ்க

திண்டிவனம்
8.9.2024, மாதா பிறந்தநாள்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்ட போட்டோக்களை வாராவாரம் அனுப்பினேன். எண் நகரவில்லை என்று பார்த்திருப்பீர்கள். அதற்கு உங்களிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. மகளை வைத்தே அந்தப் போட்டோவை எடுக்க வேண்டிவந்தது எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? “ஏம்மா, அப்பாவுக்கு இது எதுக்கு?” என்று கேட்டாள். வண்டிக் கணக்கு என்று சொல்லி வைத்தேன்.

போகட்டும். ஞாயிற்றுக்கிழமை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டீர்களே, இன்று கண்டுபிடித்துவிட்டேன். மாதாதான்.

திருநாள் என்று காலையில் தார்ப்பாயை விலக்கி மாதா சுரூபத்தைத் துடைக்கப் போனேன். வெயில் இன்னும் கொட்டகைக்கு வரவில்லை. டேஷ்போர்டு சில்லென்று இருக்கிறது, மாதாவின் கண்ணாடிக் கூண்டு மட்டும் காய்ச்சல்காரி நெற்றி மாதிரி சுடுகிறது. சாவி வீட்டு ஆணியில் தொங்குகிறது. உள்ளே அந்தப் பழைய குண்டு பல்பு இரண்டும் எரிகின்றன. சாவி போட்டால்தான் அது எரியும் என்று நான் நினைத்திருந்தேன், பகல் வெளிச்சத்தில் அணைந்ததா என்று பார்த்ததே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் சாவிப் பக்கம் போகவில்லை, ஃபியூஸ் பக்கமும் போகவில்லை. ஓட்டை வழியாகப் பானட்டுக்குள் இறங்கி நேரே பேட்டரியில் முடிகிறது.

சீனுவாசனிடம் இது கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். “பட்டுச்சுங்க. சாமி லைட்டுல யாரு கை வெப்பாங்க? அது எரிஞ்சிக்கினுதான் இருக்கணும்னு வுட்டுட்டேன்” என்றார். வெள்ளியிலிருந்து திங்கள்வரை அது பேட்டரியைக் குடித்திருக்கிறது. விழுப்புரத்துக்காரரும் அதற்கு ஒரு கும்பிடு போட்டார், நினைவிருக்கிறது.

இப்படி வயர் இழுத்தது யார், மாமா? வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது மாதா கிடையாது. வைத்தது நீங்கள்தான். வைத்துவிட்டு, விளக்கு எரிகிறதா, எரிகிறதா என்று கேட்டதும் நீங்கள்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லுங்கள்.

அமலா

*

மஸ்கட்
11.9.2024

அன்புள்ள அமலாவுக்கு,

படித்ததும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் மின்சாரத்தோடு பிழைக்கிறவன் நான். எந்த மெஷினில் எது எவ்வளவு கரண்ட்டு இழுக்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். மாதா விளக்கும் இழுக்கும் என்று தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

இங்கே புறப்படுவதற்கு முந்தின நாள் மாதாவிடம் நேர்ந்துகொண்டு அந்த வயரை இழுத்தேன். நான் திரும்பி வரும்வரை உன் விளக்கு அணையாது, நீ என் வீட்டைப் பார்த்துக்கொள் என்று. நீ கேலி செய்வாய் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. தனியாகக் கிடந்தால் புத்தி எங்கெங்கோ போகிறது.

அந்த வயரை மட்டும் தொடாதே. சனி, ஞாயிறு மாலையில் மயிலம்வரை ஓட்டிவிட்டு வந்தால் சார்ஜ் ஏறிவிடும். வந்ததும் என் கையாலேயே கழற்றுகிறேன்.

டிசம்பரில் முடியாது. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

அன்புடன்
பிரகாஷ்

*

திண்டிவனம்
16.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று திங்கட்கிழமை. வண்டி ஒரே திருகில் எடுத்தது. பள்ளியில் மணி அடிக்கும்முன் டீச்சர்களை இறக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை சீனுவாசனை வரச்சொல்லி, வயரைச் சாவியோடு சேர்க்கச் சொன்னேன். நேர்ச்சை என்றதும், “அத வெட்டச் சொல்லாதீங்கம்மா” என்று கட்டிங் பிளேயரை என்னிடம் நீட்டிவிட்டுத் தள்ளி நின்றார். சிலுவை போட்டுக்கொண்டு நானே வெட்டினேன். அந்த நேரம் அழுதேன், ஏனென்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பிறகு அவர் இணைத்துக் கொடுத்தார். இப்போது நான் ஓட்டும்போது மாதா விளக்கு எரிகிறது, நிறுத்தினால் அணைகிறது.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். நீங்கள் அங்கே, உங்கள் விளக்கு இங்கே. அது எரிந்ததால் நீங்கள் வீட்டில்தான் இருப்பதாக உங்களுக்குத் தோன்றிவிட்டதோ என்னவோ. வண்டியைத் தள்ளியது நாங்கள். என்னைச் சந்தேகப்பட்டவரும் எனக்காக நேர்ந்துகொண்டவரும் ஒரே ஆள்தானா என்று குழம்பிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடும்போதாவது ஒரு போன் செய்திருக்கலாம். சண்டை வந்திருக்கும். வந்தால் என்ன?

உங்கள் நேர்ச்சை முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மாதாவிடம் நானே பேசிவிட்டேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள இங்கே நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள் வந்து கழற்ற வேண்டியது இந்த வண்டியில் எதுவும் இல்லை. வருவதானால் எங்களைப் பார்க்க வாருங்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள், சென்னை விமான நிலையத்துக்கு நானே வண்டி கொண்டுவருகிறேன். திங்கட்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை.

அமல்ராணி