உப்புப் பார்க்க ஓர் ஆள்

1932 ஏப்ரல் 19, செவ்வாய்

லீனாவின் வெள்ளை உடுப்புக்குத் துணி எடுத்தாயிற்று. பசாரில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் சீனி முகம்மது கடையில்தான் மனதுக்குப் பிடித்தது. அடுத்த மாதம், பரிசுத்த ஆவி இறங்கிய இஸ்பிரீத்து சாந்து திருநாளன்று, என் மகளுக்குப் புதுநன்மை. முதல் முறையாகச் சேசுநாதரை நாவில் வாங்கப் போகிறாள்.

தோளுக்கு அளவு எடுக்கும்போது கேட்டாள்: "அம்மா, நன்மை வாங்கினா உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்?"

"சந்தோஷமா இருக்கும்" என்றேன்.

வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். எனக்கு எப்படி இருக்கிறது? அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பல் படாமல் அதை நாக்கால் எப்படிக் கழற்றுவது என்பதிலேயே பக்தியெல்லாம் போய்விடும். பிறகு ஓரக்கண்ணால் பார்ப்பேன் - இன்றைக்கு யார் எழுந்து போனார்கள், யார் போகவில்லை, ஏன் போகவில்லை. மாதா சபையின் நீல நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இத்தனை வருஷமாக நான் வளர்ந்த வளர்ச்சி இது. தூ!

ஏப்ரல் 28, வியாழன்

மாதா சபைக் கூட்டம். புதுநன்மைப் பிள்ளைகள் நடுராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பூசைக்கு வரும். பூசை முடிந்ததும் கோவில் வளவிலேயே அவர்களுக்குச் சாப்பாடு. இடியாப்பமும் உருளைக்கிழங்குக் குருமாவும். சமையல் என் பொறுப்பு.

"மதலேன் குருமா வெச்சா சம்மனசுகளே எறங்கி வந்து கைய நீட்டும்" என்றார் அமலம்மாக்கா. அவர்தான் சபைத் தலைவி. லேசில் யாரையும் புகழ மாட்டார்.

அந்த ஒரு பேச்சு நாள் முழுக்கக் காதில் இனித்தது. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மனதில் மாதாவும் இல்லை, தேவரகசியமும் இல்லை. எத்தனை தேங்காய் உடைப்பது என்பதுதான் ஓடியது. என்ன பிறவி நான்?

மே 9, திங்கள்

செபமாலை முடிந்து படியிறங்கும்போது ரோசம்மா பின்னாலேயே வந்தாள்.

ரோசம்மா ஞானஸ்நானம் பெற்றவள்தான். ஆனால் தொங்காங் படகில் மூட்டை ஏற்றும் ராமசாமியோடு குடித்தனம் நடத்துகிறாள். அவர் இந்து. கோவிலில் கலியாணம் ஆகவில்லை. அதனால் அவளுக்கு நன்மை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கடைசி பெஞ்சில் தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவாள். அந்த பெஞ்சில் வேறு பெண்கள் உட்காருவதில்லை. நானும்தான்.

"அக்கா, அன்னைக்கு அடுப்படியில நிக்கிற எல்லாரும் நன்மை வாங்குறவங்க. ஒருத்தரும் வாயில ஒண்ணும் வைக்க முடியாதில்ல? நான்தான் வாங்குறதில்லையே. நான் வந்து உப்புப் பாத்துத் தரட்டா?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு திருநாளுக்கும் குத்துமதிப்பாக உப்பைப் போட்டு, ஒரு தரம் சப்பென்று, ஒரு தரம் கரித்து - இதுதானே நடக்கிறது?

ஆனால் பக்கத்தில் அமலம்மாக்கா நின்றுகொண்டிருந்தார். "உன் வாய் பட்டதயா எம்புள்ள அன்னைக்குச் சாப்பிடணும்?" என்று கேட்டுவிட்டேன். அமலம்மாக்கா சிரித்தார். ரோசம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"அவங்க கேட்டதுல என்னம்மா தப்பு?" என்றாள் கூட வந்த லீனா.

"பேசாம நட."

மே 15, ஞாயிறு

ஐயோ, என்னத்தச் சொல்லி அழ.

விடியுமுன்பே கோவில் பின்பக்கம் அடுப்பு மூட்டினோம். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. குருமா கொதி வந்ததும் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். கை தன் பாட்டுக்குச் செய்தது. வீட்டில் தினமும் செய்கிறதுதானே. உப்பு சரி என்று மூடியும் வைத்தேன். அப்போதுகூட உறைக்கவில்லை!

சேலை மாற்றி, நாடா போட்டு, லீனாவுக்கு முக்காடு குத்திவிட்டு, முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சுவாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தார்கள். கை கூப்பித் தலை குனிந்தேன். உள்ளங்கையில் பட்டை, கிராம்பு வாசனை.

அப்போதுதான் உறைத்தது. விழுங்கினேனா? விழுங்கினேன். உபவாசம் போயிற்று. நன்மை வாங்கக்கூடாது.

நம் கோவில் வழக்கம் ஊருக்கே தெரியும். புதுநன்மைப் பிள்ளை பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் முழங்கால் போடும்போது ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் தகப்பன். பிள்ளையோடு சேர்ந்து அவர்களும் வாங்க வேண்டும். லீனா ஒரு மாதமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள் - "நீ எனக்கு இடது பக்கம்மா, மறந்துடாத."

ஒரு சொட்டு. யார் பார்த்தது? அடுப்படியில் ஒரே புகை. போயிருக்கலாம். எழுந்துகூட விட்டேன். கால் வரவில்லை, மறுபடி உட்கார்ந்தேன். பக்தியா? இல்லவே இல்லை. பயம். நாவில் வாங்கி, அது நெருப்பாகிவிட்டால்?

பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது. தலையை ஆட்டினேன். அவளுக்கு என்ன புரியும்? வலது பக்கம் அவள் அப்பா. இடது பக்கம் காலி. ஒரு நிமிஷம் கோவிலே என்னைப் பார்த்தது. பிறகு அமலம்மாக்கா எழுந்து போய் அந்த இடத்தில் முழங்கால் போட்டார். என் இடத்துல! எம்புள்ள பக்கத்துல!

குருமா பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். உப்பு அளவாக இருந்ததாம்.

மே 16, திங்கள்

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் பாக்கியநாதன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. எதையும் சரக்கு இறக்குவது போலச் சட்டென்று முடித்துவிடலாம் என்று நினைப்பவர். "இவ்வளவுதானா? பூசை முடிஞ்சதும் நாலு பேருகிட்ட சொல்லியிருந்தா முடிஞ்சுதுலா. ஏன் ஊமை மாதிரி நின்ன?"

சரி என்று அமலம்மாக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "குருமாவா? சரி சரி. எதுவா இருந்தாலும் சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணு மதலேன், என்கிட்ட எதுக்கு? அதுவரைக்கும் நாடா மட்டும் போட வேணாம், எங்கிட்ட குடுத்தனுப்பு."

அவர் நம்பவில்லை. வேறு யாராவது வந்து என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா? குருமாவாம் குருமா என்றுதான் இளித்திருப்பேன்.

லீனா இன்னும் என்னோடு பேசவில்லை.

மே 19, வியாழன்

குழாயடியில் கேட்டது: மந்திரிக்கிற மலாய்க்காரப் போமோவிடம் போய்த் தாயத்துக் கட்டினேனாம், அதனால்தான் நன்மை வாங்கவில்லையாம். தாயத்தா? நானா? குடத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மே 22, ஞாயிறு

இன்று வாங்கியிருக்கலாம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாங்கி எல்லோர் வாயையும் அடைத்திருக்கலாம். ஆனால் அமலம்மாக்காவின் முதுகைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அந்த முதுகில் நாலு அறை வைக்க வேண்டும் போல இருந்தது. இந்த மனதோடு எப்படிப் போவது? போன ஞாயிறு காரணமில்லாமல் பேசினார்கள். இப்போது உண்மையாகவே காரணம் வந்துவிட்டது.

முன் பெஞ்சில் இருக்க முடியவில்லை. எழுந்து பின்னால் போனேன். கடைசி பெஞ்சில்தான் இடம் இருந்தது. ரோசம்மா தூண் பக்கமாக நகர்ந்துகொண்டாள்.

எல்லோரும் எழுந்து போனபோது நாங்கள் இருவர்தான் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இவள் இதை எத்தனை வருஷமாகத் தாங்குகிறாள்? பார்த்தவர்களில் நானும் ஒருத்திதானே?

அவளிடம் பேசலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை.

மே 28, சனி

சுவாமியார் திங்கட்கிழமை பத்து காவான் தோட்டத்துக்குப் பூசை வைக்கப் போயிருந்து இன்றுதான் திரும்பினார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அவர் பிரெஞ்சுக்காரர், தமிழை மென்று மென்று பேசுவார்.

குருமாவைச் சொன்னேன். "நினையாமல் செய்தது பாவம் அல்ல. நீ எழுந்து போகாததும் சரி. அடுத்தது?"

அமலம்மாக்கா மேல் உள்ள கோபத்தைச் சொன்னேன். "அடுத்தது?"

அடுத்தது ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ரோசம்மாவிடம் நான் கேட்ட கேள்வி வாயிலிருந்து அப்படியே வந்து விழுந்தது. கூடவே அழுகை.

"இதை அவளிடம் சொன்னாயா?"

"இல்ல சாமி."

"ம்."

அபராதமாக ஒரே ஒரு அருள்நிறை மந்திரம் கொடுத்தார். ஐம்பது கொடுத்திருந்தால் முட்டி போட்டுச் சொல்லி முடித்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த "ம்" தான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மே 30, திங்கள்

ரோசம்மா வீட்டுக்குப் போனேன். துறைமுகத்துக்குப் பின்னால், கூலிக்காரர்கள் வரிசை வீட்டில் ஓர் அறை. சுவரில் மாதா படம், அதற்குப் பக்கத்திலேயே முருகன் படம். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பூ.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்க."

உடனே மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு வலிச்ச பொறகுதான் என் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதாக்கா?"

கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோப்பி கலக்கித் தந்தாள். குடித்தேன். ராமசாமி கோவிலில் தாலி கட்டச் சம்மதிக்கிறாராம். ஆனால் இந்துவைக் கட்டுவதற்கு, சுவாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் உத்தரவு வேண்டும். அதைக் கேட்கச் சுவாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே வாசலில் எப்போதும் நம் சபைப் பெண்கள்.

"ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன்" என்றாள்.

இரண்டாவது தடவை நான் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். பார்த்தேன். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

ஜூன் 4, சனி

அமலம்மாக்காவிடம், "அக்கா, உங்க மேல இருவது நாளா கோவமா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "எதுக்கு?" என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. இதற்குத்தானா நான் இப்படி வெந்து செத்தேன்!

ஜூன் 5, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது லீனா வந்து கையைப் பிடித்தாள். "இன்னைக்கு வருவியாம்மா? இடது பக்கம்?"

போனேன். அவளோடு முழங்கால் போட்டேன். மேலண்ணத்தில் வழக்கம் போல ஒட்டிக்கொண்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம், லீனாவும் நானும். முன் பெஞ்சுக்கு வரச்சொல்லி இவர் கண்ணைக் காட்டினார். பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

ஜூன் 16, வியாழன்

ரோசம்மாவையும் ராமசாமியையும் சுவாமியாரிடம் கூட்டிப்போனேன். வாசலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் வேண்டுமென்றே ரோசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். இதிலும் கொஞ்சம் திமிர் இருக்கிறது, தெரிகிறது.

அவள் வேதத்துக்குக் குறுக்கே நிற்க மாட்டேன், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பேன் என்று ராமசாமி கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"என் சாமிய விடச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றார் சுவாமியார்.

"அப்ப சரி சாமி. ஞாயித்துக்கிழமை வந்தா இவ அழாம இருக்கணும். அவ்வளவுதான்."

உத்தரவு வர நாளாகும்.

ஜூலை 26, செவ்வாய்

அன்னம்மாள் திருநாள். பெர்ரி ஏறி அக்கரை போய், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலில் மெழுகுத்திரி ஏற்றினோம். ரோசம்மா ஏற்றியது காற்றில் அணைந்து அணைந்து போனது. மேற்றிராணியாரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. என்ன செய்கிறார்கள் அங்கே? எனக்கே இப்படிக் கொதிக்கிறதே.

ஆகஸ்ட் 15, திங்கள்

மாதா மோட்சத் திருநாள். குருமா வைக்க ஆள் இல்லை என்று போன வாரமே அமலம்மாக்கா வந்து நின்றார், கையில் என் நீல நாடாவோடு. "என்கூட ரோசம்மாவும் வருவா" என்றேன். உதட்டைச் சுழித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருட்டோடு அடுப்பு மூட்டினோம். ரோசம்மா வெங்காயம் உரித்துத் தந்தாள். தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதி வந்ததும் கரண்டியில் எடுத்து ஊதினேன்.

"ரோசம்மா, கைய நீட்டு. உப்புப் பாரு" என்றேன். எல்லோர் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே.

அவள் நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இன்னைக்கு முடியாதுக்கா."

"ஏன், இன்னும் கோவமா?"

"இல்லக்கா." அடுப்பு வெளிச்சத்தில் அவள் முகம் எப்படியோ இருந்தது. "நானும் இன்னைக்கு ஒண்ணும் வாயில வைக்கல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. உத்தரவு வெள்ளிக்கிழமை வந்ததாம். நேற்றுச் சாயங்காலம், சுவாமியார் உடுப்பு மாட்டும் பின்னறையில், உபதேசியாரும் மணி அடிக்கும் கோவில் பிள்ளையும் சாட்சி நிற்க, ராமசாமி தாலி கட்டிவிட்டாராம். கூட்டம் என்றால் அவருக்கு வெட்கமாம்.

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே! சுருக்கென்றுதான் இருந்தது. கரண்டியைச் சட்டியில் கவிழ்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அமலம்மாக்கா அடுப்பைப் பார்த்தபடி, "அடி பிடிக்கப்போவுது, கிண்டுங்க" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

கிராதியில் எனக்கு வலது பக்கம் லீனா, இடது பக்கம் ரோசம்மா. சுவாமியார் அவள் முன்னால் வந்தபோது அவள் கண்ணை மூடி நாவை நீட்டினாள். இன்று நான் யாரையும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

குருமாவில் அத்தனை உப்பு, வாய் வைக்க முடியவில்லை. பூசைக்குக் கிளம்பிய அவசரத்தில் நான் ஒரு தரம் போட்டிருக்கிறேன், அமலம்மாக்கா ஒரு தரம் போட்டிருக்கிறார். "கடல் தண்ணியிலயா வெச்சீங்க?" என்றார் இவர். வந்தவர்களெல்லாம் தண்ணீராகக் குடித்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற ராமசாமியை லீனா கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து இலை போட்டாள். அவர் மட்டும் முகம் சுளிக்காமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த திருநாளுக்கு உப்புப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ராமசாமியைக் கேட்டேன். வருகிறேன் என்றார்.