பின் சீட்டில் ஏறிப் பார்த்தேன்

பியூலாவின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் படுத்திருக்கும் பியூலா காதில் விழும். அதனால் எழுதி, துணிப்பையில் வைத்து உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பொன்னேரியில் கார் பார்த்தேன். டிக்கி பெரியது, சக்கர நாற்காலியை மடித்து வைத்தால் மூடும். விற்பவர் மைலேஜைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் அவளைப் போல காலை அசைக்காமல் பின் சீட்டில் ஏறப் பார்த்தேன். முடியவில்லை. கடைசியில் என் கால்களைக் கையாலேயே தூக்கி உள்ளே வைத்தேன்.

"இன்னா சார், கால்ல அடி பட்டுக்கினீங்களா?"

"இல்லபா, சும்மா."

மற்ற கார்களும் இப்படித் தாழ்வாகத்தான் இருக்கின்றன. நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கினால்தான் உண்டு. உனக்கோ முதுகுவலி.

"யார் சார் ஓட்டப் போறாங்க?" என்று கேட்டார்.

"என் பொண்ணு. கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போய்வர" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் சந்தோஷமாக டிரைவர் சீட்டை முன்னால் இழுத்து, "மேடம் இன்னா ஹைட்டு?" என்றார். என் தோளுக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன். அப்புறம் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

கார் வாங்கினால் எதற்கு என்று கேட்பாள். இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை நீ சொல்கிறாயா? என்னால் முடியாது.

உன் வீட்டுக்காரன்